பல்லிக்கூடம்: கொழும்பில் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் என் சக ஆசிரியர்களுக்கும், எங்கள் ஆசிரியர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்துவிட்டுப் போன வருடம் ஓய்வுபெற்றேன். அதில் இருபத்திரண்டு வருடம் கொழும்பில்தான். இந்த மடலைப் பணியில் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும். அப்போது பயம் இருந்தது. என்ன பயம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

2016 இல் எட்டாம் தரத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். தலைப்பு ‘நான் அதிபரானால்’. நாற்பத்தொரு கொப்பி. வீட்டு வேலை எல்லாம் முடித்து, இரவு பத்தரை மணிக்கு முப்பதாவது கொப்பியையோ என்னவோ திறந்தேன். முதல் வரியே ‘எங்கள் பல்லிக்கூடத்தில்’ என்று தொடங்கியது. அந்த ஒரே பக்கத்தில் பதினொரு இடத்தில் பல்லிக்கூடம். களைப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து முகநூலில் போட்டேன். ‘எட்டு வருடம் படித்தும் இன்னும் பல்லியோடுதான் குடியிருக்கிறார்கள், இவர்களுக்கு நான் இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்’ என்று மேலே ஒரு வரியும் எழுதினேன். பெயர் போடவில்லை. பாடசாலையைச் சொல்லவில்லை. நண்பர்கள் மட்டும் பார்க்கும்படிதான் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் எழுபது பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போல, என்னைப் போல, ஆசிரியர்கள்.

என் நண்பர் பட்டியலில் பழைய மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தம்பி அதே வகுப்பு. கையெழுத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலைப்பும் தெரியும், டீச்சரும் தெரியும். இரண்டு நாளில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் ‘பல்லி’. வகுப்பில் பல்லி, கன்ரீனில் பல்லி, ஸ்கூல் வானில் பல்லி. யாராவது நாக்கைத் தட்டி ‘இச் இச்’ என்று சத்தம் போட்டால் வகுப்பே சிரிக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நானே அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ குறும்பு என்று நினைத்து அதட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை அவனுடைய அம்மா வந்தார். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு மட்டக்குளியிலிருந்து வந்திருந்தார். சத்தம் போடவில்லை. ‘டீச்சர், நீங்க பேரு போடலதான். ஆனா அவன் எழுத்துன்னு எல்லாருக்கும் தெரியுதே’ என்றார். அதன் பிறகு, ‘இனிமே தமிழ்க் கொப்பியில ஒண்ணும் எழுத மாட்டேங்குறான்’ என்றார்.

அன்றே பதிவை அழித்தேன். படம் அதற்குள் எத்தனை பேருடைய போனுக்குப் போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. பதினோராம் தரம் முடித்துப் போகும்வரைக்கும் அவன் பல்லிதான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்களிடம் தயாராக இருக்கிற பதில் ‘பெயர் போடவில்லையே’ என்பதுதான். கொழும்புத் தமிழர்களின் உலகம் எவ்வளவு சிறியது என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையைப் பற்றி இரண்டு விவரம் சொன்னால், மூன்றாவதைக் கேட்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் அதிகம் இல்லை, வகுப்பும் ஆசிரியரும் தெரிந்தால் பிள்ளை தெரியாமல் போகாது. இந்த ஊரில் பெயர் போடாமல் எழுதுவது ஒரு மறைப்பே இல்லை.

சரி, ஆசிரியர் ஏன் இப்படிக் கொட்டித் தீர்க்கிறார்?

அதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற வகுப்பு. வராத ஆசிரியருக்குப் பதிலாக ஓய்வுப் பாடவேளையிலும் இன்னொரு வகுப்பு. ஒரே விவரத்தை வலயத்துக்கு ஒரு படிவம், கோட்டத்துக்கு இன்னொரு படிவம் என்று நிரப்பும் வேலை. இரவு ஒன்பது மணி வரை டியூஷனில் இருந்துவிட்டு வந்து, முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளை. எழுப்பினால், ‘இது டியூஷன்ல முடிச்சாச்சு மிஸ்’ என்கிற பதில். மாத முடிவில் பஸ்ஸுக்கும் வாடகைக்கும் போக என்ன மிஞ்சும் என்று பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் சம்பளம். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தி மாதக்கணக்கில் போராடியது நாங்கள்தான். அப்போது எங்களைத் திட்டியவர்களையும் மறக்கவில்லை. இவ்வளவையும் சுமக்கிற ஒருவர் வாய் திறந்து புலம்பக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டால், முதலில் எதிர்ப்பவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆசிரியர் அறையில் நாங்கள் பேசாத பேச்சா? இடைவேளைக்கு ஒரு பிளேன்டியை ஊற்றிக்கொண்டு, ‘இன்றைக்கு ஒன்பது பியில் உயிர் போய்விட்டது’ என்று ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் ‘அந்தப் பிள்ளையா? வீட்டில் அப்பா இல்லை, கொஞ்சம் பொறுத்துப் போங்கோ’ என்பார். மூன்றாமவர் வேறு கதைக்குப் போய்விடுவார். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவோம். அந்தப் பேச்சு அந்த அறையோடு முடிந்தது. அது தேவையான பேச்சு, பல நேரம் பிள்ளைக்கு நன்மையாகவும் முடிந்த பேச்சு. ஏனென்றால் பதில் சொன்னவருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும்.

முகநூலில் சிரித்த அந்த எழுபது பேரில் யாருக்கும் அவனைத் தெரியாது.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எங்கள் வகுப்பறை போனுக்குள் போனது. வகுப்புக்கொரு வட்ஸ்அப் குழு, பாடத்துக்கொரு குழு, ஆசிரியர்களுக்குத் தனிக் குழு. பாடசாலை திறந்த பிறகும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. ஆசிரியர் அறையில் பேசிய பேச்சு அப்படியே குழுவுக்குப் போனது. ஆனால் அங்கே பேச்சு நிற்கிறது, எழுத்தாகவும் குரலாகவும். ஒரு ஸ்கிரீன்ஷொட் போதும், அறைக் கதவு தெருவுக்குத் திறந்துவிடும். அப்புறம் டிக்டொக் வந்தது. பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஒரு பொது அறிவுக் கேள்வி கேட்டு, அவன் முழிப்பதை வீடியோ எடுத்துப் பின்னணியில் ஒரு சிரிப்புச் சத்தமும் சேர்த்துப் போடுகிறார்கள். எடுப்பவர் ஆசிரியர். பிள்ளையின் முகம் மறைக்கப்படாமல் தெரிகிறது, சட்டைப் பையில் பாடசாலையின் இலச்சினையும் தெரிகிறது. இப்படிப்பட்ட வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் பகிர்ந்தும் இருப்பீர்கள்.

இதற்குக் கருத்துச் சுதந்திரம் என்று பெயர் சொல்கிறார்கள். ஆகவே அதைப் பற்றியும் பேச வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. முதலாவது இலினோய் மாநிலத்தில் நடந்தது. கல்விச் சபை பணத்தைக் கையாண்ட விதத்தையும், படிப்புக்கும் விளையாட்டுக்கும் அதைப் பங்கிட்ட விதத்தையும் கண்டித்து ஓர் ஆசிரியர் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலையிலிருந்து நீக்கினார்கள். பிக்கரிங் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். 1968 இல் உயர் நீதிமன்றம் ஆசிரியர் பக்கம் நின்றது. பாடசாலைப் பணம் எப்படிச் செலவாகிறது என்பது பொதுமக்களின் விஷயம், அதை நன்றாகத் தெரிந்தவர் ஆசிரியர், அவர் பேசலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது பென்சில்வேனியாவில். ஓர் ஆங்கில ஆசிரியை இணையத்தில் நாட்குறிப்புப் போல எழுதிவந்தார். மாணவர்களைச் சோம்பேறிகள், மரியாதை தெரியாதவர்கள், எந்நேரமும் சிணுங்குகிறவர்கள் என்றெல்லாம் திட்டியிருந்தார். மாணவர் எவரையும் பெயர் சொல்லவில்லை, பாடசாலையையும் சொல்லவில்லை. ஆனால் 2011 இல் மாணவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் முழுக்கப் பரவியது. அவர் செய்தது சரி என்று பாராட்டியவர்களும் நிறையப் பேர். ஆனால் எங்கள் பிள்ளை அவருடைய வகுப்பில் இருக்க வேண்டாம் என்று பல பெற்றோர் கேட்டார்கள். அடுத்த வருடம் வேலை போனது. பேச்சுரிமையைச் சொல்லி வழக்குப் போட்டார். 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. தன் மாணவர்களையே இப்படி இழிவாகப் பேசிய பிறகு வகுப்பறையில் வந்த குழப்பம் அவருடைய பேச்சின் பெறுமதியைவிடக் கனமானது என்று நீதிபதிகள் கண்டார்கள்.

அந்த நாட்டுச் சட்டம் எங்களைக் கட்டாது. ஆனால் இரண்டு வழக்கிலும் பேசியவர் ஆசிரியர், பேசியது பாடசாலையைப் பற்றி. ஒருவர் அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கிப் பேசினார், மற்றவர் தன் கைக்குள் இருக்கும் பிள்ளைகளை நோக்கிப் பேசினார். கோடு அங்கேதான் விழுகிறது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியிடும் சுதந்திரத்தையும் தருகிறது. 15 ஆவது உறுப்புரை எந்தெந்தக் காரணத்துக்காக அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம் என்று சொல்கிறது. இன, மத நல்லிணக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, தேசிய பாதுகாப்பு, பிறருடைய உரிமைகளுக்கு மதிப்புக் கொடுத்தல் என்று அது போகிறது. அரசாங்கத்துக்குச் சங்கடம் வரும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் நடந்தது என்ன? 2022 செப்டெம்பரை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். என் வகுப்பில் இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காத பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை கூடினார்கள். நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் காசு சேர்த்துப் பணிஸ் வாங்கி வைத்தோம், யாருக்கும் தெரியாமல் கொடுக்கத்தான் பெரும்பாடு பட்டோம். நாட்டின் வேறு இடங்களில் பசியால் மாணவர்கள் மயங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர்களும் சுகாதார அதிகாரிகளும் வெளியே சொன்னார்கள். அதைத் தொடர்ந்து பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியருக்கான பணி விதிகளான தாபன விதிக்கோவையைக் காட்டி, அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களில் கருத்துச் சொன்னால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று எச்சரித்தது.

என் பயம் அதுதான். பணிஸ் கதையை நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது ஒரு வர்த்தகர் பத்துப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அதே நாட்களில் ஆசிரியர் குழுக்களில் ஒரு பிள்ளையின் விடைத்தாள் சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பிழையான விடை, சிவப்பு மையால் வட்டம், பக்கத்தில் ஆசிரியரின் கிண்டல். அதைப் போட்டவருக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் அவரைப் பயமுறுத்தவில்லை. பிள்ளை பசியோடு இருக்கிறது என்று சொன்னால் குற்றம், பிள்ளைக்கு எழுதத் தெரியவில்லை என்று ஊரைக் கூட்டிச் சிரித்தால் பொழுதுபோக்கு. இது முழுக்கத் தலைகீழ். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். எதைப் பேச எங்களுக்கு முழு உரிமை இருக்க வேண்டுமோ அதைப் பேச விடவில்லை. எதை நாங்களே நிறுத்த வேண்டுமோ அதை யாரும் கேட்கவில்லை.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றது. அதன் 16 ஆவது உறுப்புரை, பிள்ளையின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, பிள்ளையின் மானத்துக்கும் நற்பெயருக்கும் பங்கம் செய்யக் கூடாது என்கிறது. பிள்ளைக்கும் மானம் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கருத்தரங்கிலாவது அந்த வரியை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். பிள்ளைகள் எங்களைப் பற்றி மீம் போடவில்லையா என்பது ஒன்று. போடுகிறார்கள். எனக்கும் போட்டார்கள். என் நடையைப் போல நடந்து காட்டிய ஒரு வீடியோவை என் மகளே எனக்கு அனுப்பினாள். வலித்தது. ஆனால் அந்த வீடியோவால் என் புள்ளி குறையவில்லை, என் சான்றிதழில் யாரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் நான் வகுப்புக்குப் போய் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேச முடிந்தது. பல்லி என்று பெயர் வாங்கிய பிள்ளை என்னைக் கூப்பிட்டுப் பேச முடியுமா? அவனுடைய தவணைப் புள்ளி என் பேனாவில் இருக்கிறது.

மற்றக் கேள்வி கொஞ்சம் கனமானது. எட்டாம் தரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று எழுதத் தெரியவில்லை என்றால் அது சமூகம் அறிய வேண்டிய செய்தி இல்லையா? கட்டாயம் அறிய வேண்டிய செய்திதான். அதை இப்படி எழுதியிருக்கலாம்: என் வகுப்பில் நாற்பத்தொரு பேர், அவர்களில் பாதிப் பேருக்கு லகர ளகர ழகர வித்தியாசம் தெரியாது. பலர் வீட்டுக்கு வெளியே சிங்களத்தில்தான் பேசுகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, இந்த ஊரில் வாழ்வதற்கு அது வேண்டும். ஆனால் தமிழ் எழுத்தை ஆரம்ப வகுப்பில் ஊன்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பதில் ஆள் வரும்வரை மாதக்கணக்கில் வகுப்பு சும்மா கிடக்கிறது. இதை எழுத எனக்கு அந்தப் பிள்ளையின் கையெழுத்து தேவைப்படவில்லை. இதை எழுதியிருந்தால் எழுபது பேர் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் வலயக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால்தான் எழுதவில்லை. மேலே இருப்பவரைக் கேட்கப் பயம், கீழே இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்.

வகுப்பில் அடாவடி செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியரை மிரட்டும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள், வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரை இழுத்து வாருங்கள், பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த வழிகள் மெதுவானவை என்பது எனக்குத் தெரியும், சில நேரம் எதுவுமே நடக்காது. அப்படி நடக்காவிட்டால், நடக்கவில்லை என்பதையே வெளியே சத்தமாகச் சொல்லுங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் என்ன வெளியிடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் சொற்கள் எவ்வளவு அகலமானவை என்று பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் அப்போதே கத்தினார்கள். நாளைக்கு ஏதாவது ஓர் ஆசிரியரின் டிக்டொக் பெரிய பிரச்சினையாக வெடிக்கும். அதைக் காரணம் காட்டி எல்லா ஆசிரியர்களின் வாயையும் சேர்த்துக் கட்டப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்து ஒரு நடத்தை விதியை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். பிள்ளையின் எழுத்து, முகம், குரல், குடும்ப நிலைமை எதையும் வகுப்புக்கு வெளியே காட்டுவதில்லை என்று முதலில் எழுதுங்கள். அதே பக்கத்தில், சம்பளம், வெற்றிடம், கழிவறை, பாடத்திட்டம், பிள்ளைகளின் பசி பற்றி ஓர் ஆசிரியர் தன் பெயரோடு பகிரங்கமாகப் பேசினால் சங்கம் அவருக்காக நீதிமன்றம் வரை வரும் என்றும் எழுதுங்கள். இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதினால் இளம் ஆசிரியர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பாமல் இருப்பதும் நியாயம்.

சக ஆசிரியர்களுக்கு: இன்றிரவு உங்கள் பழைய பதிவுகளைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். குழுக்களில் அனுப்பிய படங்களையும் பாருங்கள். அழிக்க வேண்டியது இருந்தால் அழியுங்கள். அந்தப் பிள்ளை இன்னும் உங்கள் பாடசாலையில் இருந்தால் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். நான் அம்மாவிடம் கேட்டேன். அவனிடம் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அன்றைக்கு ஒரு கூச்சம்.

அவன் அந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருந்தான் என்று இதுவரை சொல்லவில்லை. அவனுடைய அம்மா வந்து போன பிறகுதான் நானே அதை முழுவதாக வாசித்தேன். தான் அதிபரானால் பல்லிக்கூடத்துக் கழிவறைக் கதவுகளுக்குக் கொண்டி போடுவானாம். தண்ணீர்த் தாங்கியை மாதத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்வானாம். பஸ் பிந்தியதால் பிந்தி வருகிற பிள்ளைகளை வாசலில் வெயிலில் நிற்க வைக்க மாட்டானாம், ஏனென்றால் ‘பஸ் ஓட்டுவது பிள்ளை இல்லை’. ஒரு பக்கம் முழுக்கப் பாடசாலையில் என்னென்ன சரியில்லை என்று எழுதியிருந்தான். ஓர் ஆசிரியரைப் பற்றிக்கூட ஒரு குறை சொல்லவில்லை.

தம்பி, உனக்கு இப்போது இருபத்திரண்டு வயதாவது இருக்கும். இது உன் கண்ணில் பட்டால், அந்தக் கட்டுரைக்கு நான் இருபதுக்கு ஒன்பது போட்டேன். அது பிழை. நான் செய்த மற்றதும் பிழை. என்னை மன்னித்துவிடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.